பக்கத்துக் கட்டில்காரரும் பழைய கேமும்

இத்தனை வேலைக்கு நடுவில் கேம் விளையாட உனக்கு எங்கே நேரம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: டயாலிசிஸில். சங்கராபுரத்தில் ஜெராக்ஸ் கடை, வீட்டில் பிள்ளைகள், மாமியார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடது கையை அசைக்காமல் படுத்திருக்கும் நேரம் மட்டும்தான் எனக்கே எனக்கு. ஒற்றைக் கட்டைவிரலுக்கு ஏற்றது, வீரன், மந்திரவாதி என்று நாலு பேரை ஊர் ஊராக நடத்திப்போகும் அந்தக் காலத்து ரோல் பிளேயிங் கேம்தான். நாம் அடிக்கிறவரை எதிரி சும்மா நிற்பான். பிரஷர் இறங்கிக் கண் இருட்டினால் போனை வைத்துவிடலாம். தெளிந்து எடுத்தாலும் அப்படியே நிற்பான்.

பக்கத்துக் கட்டில்காரர் நைனார்பாளையத்தில் கூலி வேலை செய்பவர். ஒருநாள் எட்டிப் பார்த்து, “இன்னாம்மா அது, இதுல நம்மாளு யாரு?” என்றார். காட்டினேன். அன்றிலிருந்து யாரை அடிப்பது, யாருக்கு மருந்து கொடுப்பது எல்லாம் அவர் உத்தரவு. ஆனால் மனிதர் ஒழுங்காக வரமாட்டார். வேலை கிடைத்தால் டயாலிசிஸுக்கு மட்டம். அடுத்த முறை முகம் வீங்கி மூச்சிரைக்க வந்து படுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “சாவறதுக்கு அவ்ளோ அவசரமாண்ணே?” என்று திட்டியும் இருக்கிறேன். சிரிப்பார்.

திட்டி ஆகாது என்று வேறு வழி பார்த்தேன். கடைசிக் கோட்டை வாசலில் ஆட்டத்தை நிறுத்தினேன். “நீங்க இல்லாம உள்ள போவமாட்டேன். வெள்ளிக்கிழமை வாங்க” என்றேன். வந்தார். ஓர் அறையைத் திறந்தோம். அடுத்த அறைக்கும் வந்தார். சில வாரங்கள் ஒருநாளும் தவறவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மக்காச்சோள அறுவடை தொடங்கியது. ஒருநாள் வரவில்லை, மறுமுறையும் வரவில்லை. அதற்கடுத்த முறை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். நர்ஸிடம் கேட்டேன். இறந்துவிட்டார் என்றார்.

சில நாள் கழித்து அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் கட்டிலருகே வந்து நின்றார்.

“கேம் வெளாடற பொண்ணு நீதானம்மா?”

தலையாட்டினேன்.

“மூச்சு வாங்கிக்கினே இருந்திச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாய்யான்னு கெஞ்சனேன். ‘நான் இல்லாம அந்தப் பொண்ணு உள்ள போவாதுடி, எனக்கோசரம் நிக்கும். சோளத்த ஒடிச்சிட்டு அடுத்த வாரம் போறேன்’னுட்டாரு. அப்பிடியா சொன்ன நீ?”

“சொன்னேங்க” என்றேன்.