மேடம் முப்பது

போலீஸ் எனக்கு முந்நூற்று அறுபது சிடி கடன்பட்டிருந்தது. எங்கள் கானா நாட்டில் பணத்துக்குப் பெயர் சிடி. இந்தக் குமாசி நகரில் போலீசுக்குப் பணம் கொடுத்தவர்கள் தெருவுக்கு நூறு பேர் கிடைப்பார்கள். போலீசைக் கடன்காரனாக வைத்திருந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அப்படி ஒரு கடன் இருப்பது எனக்கே ஆறு வருடம் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் சார்ஜென்ட் அப்ராஃபி.

காலை ஏழு மணிக்குச் சந்தை ரவுண்டானாவில் அவரைப் பார்க்கலாம். நிறுத்தக் கூடாத இடத்தில் ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஒன்று நிற்கும். இழுவை வண்டியின் கொக்கி அதன் மூக்குக்குக் கீழே தொங்கும். அப்ராஃபி மட்டும் அவசரப்பட மாட்டார். வண்டியின் முதுகில் எழுதியிருக்கும் வாசகத்தைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை கூவுவார். "'கடவுள் பார்க்கிறார்'! யாருடையது 'கடவுள் பார்க்கிறார்'?" இந்த ஊரில் வண்டிக்கு நம்பர் பலகை சும்மா ஒரு தகரம். முதுகில் எழுதியதுதான் பெயர். டிரைவர், பயணி, கடன் கொடுத்தவன் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவோம்.

"மேடம், தொண்டை கிழியக் கூப்பிட்டாச்சு. தூக்கட்டுமா?" என்பார் இழுவை வண்டி ஓட்டும் பெதியாக்கோ.

"இரண்டு தடவைதான் ஆச்சு. உனக்கு எண்ணத் தெரியாதா?"

சக்கரம் தரையை விடுவதற்கு முன் டிரைவர் ஓடிவந்து சேர்ந்தால் அபராதம் மட்டும். விட்ட பிறகு வந்தால் இழுவைக் கூலியும் சேரும். அதனால் அவர் குனிந்து சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவே பார்ப்பார். அந்த இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால்தான் நேரத்தைக் குறிப்பார். ஒருமுறை டிரைவர் ஒருவர் கையில் வாக்யே சோற்றோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் விழுந்தேவிட்டார். "எழுந்திருங்க அண்ணே, இன்னும் தரையிலதான் இருக்கு. சோறு கொட்டுது பாருங்க" என்றார் அப்ராஃபி.

பிடித்த வண்டிகளை நிறுத்தும் போலீஸ் யார்டுக்குள் வண்டி வந்ததும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் பதிவுப் புத்தகத்தில் இடது கையால் எழுதுவார். ஸ்பானர் இரண்டு, வலது கால் செருப்பு ஒன்று, பைபிள் ஒன்று, பாதி தின்ற கென்கே, பால் புட்டி. ஒருமுறை கூரையில் ஆடுகள் கட்டிய வேன் வந்தது. ஆட்டைப் பற்றி விதியில் ஒரு வரியும் இல்லை. "ஆடு இரண்டு, உயிருடன்" என்று எழுதிக்கொண்டு, சொந்தக்காரர் வரும்வரை மூன்று நாள் மரவள்ளித் தோல் வாங்கிப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது அந்த வரிக்கு நேரே கையெழுத்தும் வாங்கினார். யார் என்ன சண்டை போட்டாலும் அவர் வாயில் ஒரே பதில்: "புத்தகத்துல இருக்கு." இல்லாவிட்டால், "புத்தகத்துல இல்லை."

எட்டு வருடத்துக்கு முன் அந்தப் புத்தகத்தோடு நானும் மோதினேன். என் பெயர் நானா, இன்று எனக்கு நான்கு வண்டி. மூன்றாம் வகுப்போடு நின்றவன், படியில் தொங்கிக் கூவிக் கூவிச் சேர்த்தவன். அப்போது வண்டி ஒன்றுதான். முதுகில் 'அம்மா, நன்றி' என்று எழுதியிருந்தேன். நின்றுகொண்டிருந்த அதன் பின்னால் மணல் லாரி ஒன்று வந்து மோதியது. வழக்குக்குச் சாட்சியாக வண்டியை யார்டில் நிறுத்தினார்கள். சாட்சிக்கு நிற்கும் வண்டிக்கு வாடகை கிடையாது. குற்றத்துக்குப் பிடித்த வண்டிக்குத்தான் நாளொன்றுக்கு முப்பது சிடி. பன்னிரண்டாம் நாள் மீட்கப் போனேன். முந்நூற்று அறுபது என்றார் அப்ராஃபி.

"என் வண்டி சாட்சிக்கு நிக்குதும்மா. சாட்சிக்கு எவனாவது வாடகை கட்டுவானா?"

அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ரவுண்டானாவில் நிறுத்திய குற்றம்னு புத்தகத்துல இருக்கு, நானா."

"அப்போ உங்க புத்தகமும் திருடு, நீங்களும் திருடி!"

யார்டு வாசலில் இருபது டிரைவர்கள் கேட்க இப்படிச் சொன்னேன். என் மனைவி கல்யாணக் கென்டேயை அடகு வைத்துப் பணம் கட்டினாள். அந்தத் துணி திரும்பி வரவே இல்லை. நான் வண்டி நிலையத்துக்குப் போய் அந்த அம்மாளுக்கு 'மேடம் முப்பது' என்று பெயர் வைத்தேன். நான் வைத்த பெயர் ஒட்டாமல் போகுமா? ஒரு வாரத்தில் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவர் சாலையைக் கடந்தால் போதும். "மேடம் முப்பது வர்றாங்க, பையைப் பிடிச்சுக்கோங்க!" என்று ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து குரல் வரும். ஆறு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்தே நடந்தார். புத்தகம் தன் பக்கம் என்ற நம்பிக்கை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், யாரும் மீட்காத பழைய வண்டிகளை ஏலம் விடுவதற்காக அவர் பழைய புத்தகங்களைச் சரிபார்த்தார். அப்போது அகப்பட்டது. அந்த நாளில் யார்டுக்கு 'அம்மா, நன்றி' இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது ரவுண்டானாவில் பிடிபட்ட யாரோ ஒருவருடையது. பெயரை வைத்து எழுதியதில் இரண்டின் நம்பரும் இடம் மாறிவிட்டன. அந்த ஆள் ஒரு காசு கட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார். அவருடைய வாடகையை நான் கட்டியிருக்கிறேன். என் ரசீதில்கூட அவர் வண்டியின் நம்பர்தான். ஆறு வருடம் அது என் தகரப் பெட்டியில் கிடந்தது. கணக்கில் என்னை ஏய்க்க ஆள் பிறக்கவில்லை என்று சொல்லித் திரிந்த நானும் நம்பரைப் பார்க்கவில்லை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து இரண்டு வரிகளையும் காட்டினார்.

"ஆறு வருஷம் ஆச்சு. யாருக்குத் தெரியப் போகுது? விடுங்கம்மா" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே, நானா."

"இன்ஸ்பெக்டர் பட்டியல்ல உங்க பேர் இருக்குன்னு சொல்றாங்க. இப்போ போய் தப்பு என்னோடதுன்னு எழுதினா வச்சிருப்பாங்களா?"

"எடுத்துடுவாங்க."

"வெளியில என்ன பேசுவாங்க? மேடம் முப்பது திருடினது நிஜந்தான்னு பேசுவாங்க."

அவர் புத்தகத்தை மூடினார். "உங்க பணம் உங்ககிட்ட வந்ததுன்னு புத்தகத்துல இல்லை. வேற எனக்கு என்ன சொல்லத் தெரியும்?"

எழுதினார். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். அவரிடம் வேலை கற்றவர் இன்ஸ்பெக்டர் ஆனார். இப்போது தினமும் காலையில் அப்ராஃபி அவருக்கு சல்யூட் வைக்கிறார், முழங்கை மடங்காமல், சரியாக. கஜானாவுக்குள் போன பணம் வெளியே வர ஏழு கடிதமும் பதினான்கு மாதமும் ஆயின. வட்டி தர விதி இல்லை என்று எட்டாவதாக ஒரு கடிதம் அவர்களிடமிருந்து வந்தது. அதையும் எனக்குப் படித்துக் காட்டினார்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வண்டி நிலையத்துக்கு வந்தார். சீருடை கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. பின்வரிசையில் வழக்கமான குரல் எழுந்தது: "மேடம் முப்பது! பையைப் பிடிச்சுக்கோங்க!" சிரித்தார்கள். நான் எழுந்து, "உள்ளே வாங்கம்மா, ஆபீஸ்ல உக்காந்து வாங்கிக்கறேன்" என்றேன். அந்த ஆபீசும் நான் கட்டியதுதான், மின்விசிறி உண்டு.

"வேண்டாம், நானா. பேர் வச்சது இங்கதானே? இங்கேயே எண்ணுறேன்."

டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். "இவரோட வண்டிக்கு நான் தப்பா வாடகை வாங்கினேன். தப்பு என்னோடது" என்றார். யார்டில் கூவும் அதே குரல். யாரும் சிரிக்கவில்லை.

நான் வலது கையை நீட்டினேன். அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வலது கையால் ஓர் இருபதையும் ஒரு பத்தையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"முதல் நாள். முப்பது."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் பின்வரிசையில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

"இரண்டாம் நாள். அறுபது." மறுபடி ஓர் இருபது, ஒரு பத்து. "மூன்றாம் நாள். தொண்ணூறு."

போதும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். நோட்டுகள் உள்ளங்கையில் குவிந்து சரியப் பார்த்தன. இடது கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளவும் வழியில்லை. இந்த ஊரில் இடது கையால் கொடுத்தாலும் வாங்கினாலும் அவமரியாதை. ஒன்பதாம் நாள் ஒரு பத்து நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடி வைத்து, அந்த நாளை முதலிலிருந்து சொன்னார்.

"பன்னிரண்டாம் நாள்," என்று கடைசி இருபதை வைத்தார். கடைசிப் பத்தை அதன் மேல் வைத்து, காற்றில் பறக்காதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "முந்நூற்று அறுபது."