கத்தியின் இடப்பக்கம்

சாம்சனின் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு ஆள் வேலையை ஒருவன் இழுத்துப்போட்டுச் செய்தால் அப்படித்தான். இனி வருவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், பட்டப்பகலில்.

பாளையக்காரர் காலத்து வேட்டைக் கத்தி ஒன்றை அச்சு அசலாகச் செய்து தரும் ஆர்டர். அலகும் மரப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு விரலைக் கொடுத்தால், கத்தி எந்தப் பக்கமும் சாயாமல் தராசுக் கோல் மாதிரி நிற்க வேண்டும். பட்டறையில் இருந்ததே இரண்டு ஆள். கத்தியை வைஸ் இடுக்கியில் இறுக்கி, எதிரெதிரே நின்று, பிடியின் வலப்பக்கத்தைச் சாம்சனும் இடப்பக்கத்தைக் குப்புராஜும் அரத்தால் ராவுவார்கள். குப்புராஜ் இடக்கைக்காரன். அவன் அரம் ஓடிய கோடுகள் சாம்சனுடையதற்கு மாற்றிச் சாய்ந்திருக்கும்.

சாம்சன் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்த் திரும்பியபோது குப்புராஜ் இல்லை.

"தேர்வாய் கண்டிகைல பெரிய கம்பெனில சேந்துக்கினான்," என்றார் முதலாளி விமல். "உன்னாண்ட சொல்லலியா? நல்ல கூட்டாளிடா உனக்கு!"

பத்து வருடம் ஒரே டிபன் பாக்ஸில் தின்றவன். போன்கூடப் போடவில்லை. "போவட்டும், பேமானி" என்று திட்டிக்கொண்டே ராவினான்.

அன்று மதியம் கரண்ட் போனது. மிஷின்கள் அடங்கின. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பிடியின் வலப்பக்கம் முடிந்திருந்தது. இடப்பக்கத்தைச் சாம்சன் தொடவே இல்லை. கத்தியை வைஸிலேயே விட்டு, வாசலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான்.

சர்ர்... சர்ர்...

உள்ளே அரம் ஓடுகிறது.

"யாரு?"

நின்றது. அடுத்த வாய் எடுத்தான்.

சர்ர்... சர்ர்...

கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனான். யாரும் இல்லை. பின்வாசல் பூட்டியபடியே இருந்தது. வைஸுக்கு அந்தப் பக்கம் தரையெங்கும் புது மரத்தூள். இரண்டு இடத்தில் மட்டும் தூள் இல்லை...

இரண்டு பாதம் அளவுக்கு.

பிடியைத் தொட்டான். சூடு.

இடப்பக்கம் ராவி முடிந்திருந்தது.

கோடுகள் மாற்றிச் சாய்ந்திருந்தன.

கத்தியைக் கழற்றி விரலில் வைத்தான்.

ஆடவே இல்லை.

தெருவுக்கு ஓடிவந்துதான் குப்புராஜின் நம்பரைப் போட்டான். எடுத்தது அவன் பெண்சாதி அருணா.

"எங்கம்மா அவன்? பட்டறைக்கு வந்துட்டு ஒளிஞ்சிக்கினு வெளாடுறானா?"



"இன்னாண்ணா பேசுற... அவரு செத்துக் காரியமே முடிஞ்சிபோச்சு. அங்கதான கிரைண்டர்ல ஷாக் அடிச்சிச்சு? உங்க மொதலாளிதான் வண்டி வச்சி ஊட்டாண்ட கொண்ணாந்து வுட்டாரு. சாம்சன் அண்ணன் எங்கன்னு கேட்டேன். அவனாண்ட சொல்லியாச்சு, வரமாட்டேன்னுட்டான்னாரு. நீ வருவ வருவன்னு பொழுது சாயற வரிக்கும் எடுக்காம வச்சினு இருந்தோம்ணா..."

கத்தி யார் கைக்குப் போனதோ தெரியாது. சாம்சன் மறுபடி அந்தப் பட்டறை வாசலை மிதிக்கவில்லை. குப்புராஜைப் புதைத்த இடத்துக்கும் இன்னும் போகவில்லை. செத்தவனைத் தினம் திட்டியவன் எந்த முகத்தோடு போவான்? அவன் குழியில் சாம்சன் போட வேண்டிய ஒரு பிடி மண் இன்னும் பாக்கி.