சத்தமில்லாத பில்டர்

தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், வீட்டில் ஒரு சிறிய கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறார். அதன் பில்டர் எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்கும். எனக்கோ ஒற்றைத் தலைவலி. "அந்தச் சத்தம் மண்டையைக் குடையுது, வேற மாத்துங்க" என்று நச்சரித்தேன். எனக்காகவே தேடிப்பிடித்து, சத்தமில்லாத பில்டர் வாங்கி வந்தார்.

போன மாதம் ஒரு மதியம் கரண்ட் போய் வந்தது. ஃபேன் சுற்றியதும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். சாயங்காலம் வந்தவர், "ஏளா, பில்டர் ஓடலையே!" என்று பதறினார். கரண்ட் வந்த பிறகு அது மறுபடி ஓடவே இல்லை. ஓடினாலும் சத்தம் கேட்காது என்பதால் எனக்கும் தெரியவில்லை. தொட்டியில் இருந்ததே ஒரு ஜோடி மீன்கள்தான்; அதில் ஒன்று செத்து மிதந்தது. மற்றது மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று, தொட்டித் தண்ணீரையே செம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி, அதைப் பிழைக்கவைத்தார்.

"நீ என்னளா செய்வ? நான்தான் பார்த்து வாங்கியிருக்கணும்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது கரண்ட் வந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்குள் கையை விட்டு, பில்டர் தண்ணீர் விரலில் மோதுகிறதா என்று பார்க்கிறேன். மிஞ்சிய அந்த ஒற்றை மீன், என் கையைக் கண்டதும் மூலைக்கு ஒதுங்கிவிடுகிறது.