டோரீன் வெளியே நின்ற இரண்டு நிமிடம்

எங்கள் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் ஒவ்வொரு ஆகஸ்டும் நெறிமுறை வகுப்பு நடக்கும். நாற்பத்திரண்டு ஸ்லைடு. முடிந்ததும் இருபது கேள்வி. பதினாறு சரியாக வந்தால் சான்றிதழ், வராவிட்டால் மறுபடி முதல் ஸ்லைடு. அந்த வகுப்பைப் பதினோரு வருடமாக எடுப்பவள் டோரீன் ஹால்வர்சன். பெற்றோர் கொடுக்கும் பரிசை வாங்காதே. கால்பந்துப் பயிற்சியாளர் ஒரு பையனுக்காகக் கெஞ்சினால் அதை எழுதி வை. முப்பத்தோராவது ஸ்லைடில் இரண்டே வரி: விண்ணப்பித்த பிள்ளையை உனக்குத் தெரியுமா? அறையை விட்டு வெளியே போ.

இருபத்தாறு வருடத்துக்கு முன் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு வந்தவள், இப்போது துணை இயக்குநர். இலையுதிர் காலம் முழுக்க ஒஹாயோவின் பள்ளிக்கூடங்களைக் காரில் சுற்றுவாள். மடக்கு மேசையை விரித்து, எங்கள் கல்லூரியின் அறிமுகக் கையேடுகளை அடுக்கி, ஒருத்தரும் வராத மேசைக்குப் பின்னால் சிரித்தபடி நிற்பாள். குளிர்காலத்தில் தொள்ளாயிரம் விண்ணப்பம் படிப்பாள். ஒரு தகப்பன் அனுப்பிய சாக்லேட் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போனவள் அவள். நாங்கள் அவளைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

டெஸ்ஸா லிண்ட்குவிஸ்ட் அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண். தாய் மார்னிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். விடிவதற்குள் தாயைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, இரண்டாவது பாடவேளைக்குத்தான் பள்ளிக்கு வந்து சேருவாள் அந்தப் பெண். பதினோராம் வகுப்பில் மதிப்பெண் சரசரவென்று இறங்கிவிட்டது. காரணத்தைப் பள்ளியில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பிச்சை கேட்பது போல ஆகிவிடும் என்று நினைத்தாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நவம்பரில் இரண்டு பேரும் அவரவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது டெஸ்ஸா கேட்டிருக்கிறாள்: “மிஸஸ் ஹால்வர்சன், விண்ணப்பக் கட்டுரைல என்ன எழுதினா உங்க ஆபீஸ்ல பிடிக்கும்?”

“என்கிட்ட கேக்காதம்மா. நான் ஒரு வார்த்தை சொன்னாலும் தப்பு. உங்க ஸ்கூல் கவுன்சிலரைக் கேளு.”

விண்ணப்பத்துக்கு வழிகாட்ட வேண்டிய அந்தக் கவுன்சிலர் தலையில் நானூறு பிள்ளைகள். டெஸ்ஸா, பள்ளி இசைக்குழுவில் டிராம்போன் வாசிப்பதைப் பற்றி எழுதி அனுப்பினாள். நானாக இருந்தால் ‘அம்மாவைப் பத்தி எழுது’ என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அதனால்தான் வகுப்பெடுக்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

பிப்ரவரியில் குழு கூடியது. ஜன்னலே இல்லாத அறையில் நாங்கள் ஐந்து பேர், ஆறிப்போன பீட்சா, திரையில் ஒவ்வொரு பிள்ளையாக. ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. முதலில் ஒரு பையன் வந்தான். நாங்கள் தினமும் சாப்பிடும் கட்டடத்தின் கதவில் அவனுடைய தாத்தா பெயர்தான் இருக்கிறது. “இவனை யாருக்காவது தெரியுமா?” என்று இயக்குநர் ப்ரெண்ட் முறைப்படி கேட்டான். ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு பெயரைத் தினம் கதவில் படிப்பது அறிமுகம் ஆகாது என்பது, தெரிந்தவர்கள் கையெழுத்துப் போட்டு வெளியேறும் படிவத்தின் கருத்து. அவனிடம் எங்காவது ஒரு நல்ல குணம் கிடைக்காதா என்று பன்னிரண்டு நிமிடம் தேடினோம். கிடைத்தது.

அடுத்தது டெஸ்ஸா. டோரீன் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினோம்.

“பதினொண்ணாவதுல சறுக்கியிருக்கா. ஏன்னு ஒரு வரி கூட எழுதல. அக்கறை இருந்தா எழுதியிருப்பா, இல்ல?” இதைச் சொன்னது நான். வேறு யாரும் பேசவில்லை. வேண்டாம் என்று நான்கு கையும் ஒன்றாக உயர்ந்தன.

கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டதும் நான்தான். அவள் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அத்தனை சீக்கிரம் கதவு திறந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்து, அடுத்த விண்ணப்பத்தை எடுத்து, நிதானமான குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

மார்ச் கடைசியில் முடிவுகள் போய்ச் சேர்ந்தன. அந்த வாரம் அவளுடைய கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் நான்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டோரீன்?”

“எங்க நின்னு சொல்றது? உள்ள இருந்து சொன்னா, நாளைக்கு அவனவன் தனக்குத் தெரிஞ்ச பிள்ளைக்குச் சொல்லுவான். வெளிய நின்னு சொன்னா உங்களுக்குக் கேக்காது.” கொஞ்ச தூரம் போன பிறகு, “களைப்பா இருக்குடி,” என்றாள். அந்த வருடச் சேர்க்கை நிரம்பிவிட்டது, காத்திருப்போர் பட்டியலிலும் டெஸ்ஸா இல்லை. இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

டோரீன் இறங்கியபோது மார்னி தன் வீட்டு வாசலில் தபால் எடுத்துக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றிய கையில் கட்டு போட்டிருந்தது. மெதுவாக நடந்து வந்து டோரீனின் தோளைத் தொட்டாள். தன் மகளுக்காக டோரீன் உள்ளே எவ்வளவு போராடியிருப்பாள் என்று தங்களுக்குத் தெரியும், டெஸ்ஸாவுக்கும் அதில் மனக்குறை எதுவும் இல்லை என்றாள்.

அப்படியே விட்டிருக்கலாம். தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். டோரீனுக்கு அது வராது.

“நான் உள்ள இல்ல, மார்னி. உங்களைத் தெரியும்கிறதால என்னை வெளிய போகச் சொல்லிருவாங்க. நான் வராந்தாவுல நின்னேன்.”

மார்னி கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அப்போ அந்த ரூம்ல இருந்தவங்க யாருக்குமே என் பொண்ணைத் தெரியாதா?”

டோரீன் என் பக்கம் திரும்பவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.