எங்கள் திடலுக்கு வராதவர்கள்

எனக்கு மறதி கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது ஒரு நோய். எட்டு வருடத்தில் மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரமாக எடுத்து அடுத்த போனில் ஏற்றிக்கொண்டேன். "தவிர்க்க முடியாத காரணங்களால் இன்றைய ஆட்டத்துக்கு வர இயலவில்லை." அனுப்பியவன் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியின் கால்பந்து அணித் தலைவன். எப்போதாவது என் கோபம் ஆறுவது போலத் தெரிந்தால் அதை எடுத்து ஒருமுறை படிப்பேன். உடனே சரியாகிவிடும்.

நான் படித்தது ஏரிக்கரைப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னக் கல்லூரி. அதற்குச் சொந்தமாக மைதானம்கூடக் கிடையாது. எங்கள் அணியில் பாதிப்பேர் குப்பத்துப் பையன்கள் என்பதால், கோட்டைக்குப்பத்தில் ஏரியோரமாகக் கிடந்த மணல் திடல்தான் எங்கள் மைதானம். அந்தப் பெரிய கல்லூரியோடு இரண்டு ஆட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டோம்: ஒன்று அவர்கள் இடத்தில், ஒன்று எங்கள் இடத்தில். இரண்டு பக்கத்து அணித் தலைவர்களும் கையெழுத்துப் போட்டோம். எங்கள் தலைவன் நான்தான். முதல் ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போய், புல் தரையில் வழுக்கி விழுந்து, இரண்டுக்கு மூன்று என்று தோற்று வந்தோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அடுத்த ஆட்டம் எங்கள் மணலில்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆட்டத்தை நைனா பார்க்கப் போகிறார் என்பது. என் அப்பா நான் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆட்டமெல்லாம் வெளியூரில் நடக்கும், அவருக்கு ஏரியில் வேலை இருக்கும். இந்த முறை அவரே கோல் கம்பத்துக்கு வலை பின்னித் தருகிறேன் என்று உட்கார்ந்தார்.

"வலைக் கண்ணி எவ்ளோ பெருசா வெக்கணும்? இன்னா மீனுக்குடா இது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஆட்டம் குறித்த நாள் அவருடைய பாடு நாளாகவும் அமைந்துவிட்டது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதைத்தான் பாடு என்போம். ஒருவர் முறை போனால் திரும்ப வரப் பல நாள் ஆகும். மத்தியானமே தோணி எடுத்தால்தான் இடத்துக்குப் போய் வலை கட்ட முடியும். நைனா தன் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஊர்க் கூட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திடலுக்கு வந்துவிட்டார். நான் அதுவரை அவர் முறை விட்டுக்கொடுத்துப் பார்த்ததில்லை.

மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டரைக்கு அந்தச் செய்தி வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஊரே திடலைச் சுற்றி நின்றிருந்தது. நைனா மட்டும் நம்பாமல் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி கிண்டி ரிப்பேர் ஆயிருக்கும்டா, வந்துடுவாங்க" என்றார். ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கல்லூரியிலிருந்து கூரியரில் ஒரு புதுப் பந்து வந்தது. நல்லெண்ணத்தின் அடையாளமாம். வலை அறுக்கும் கத்தியால் அதைக் குத்தினேன். நல்ல பந்து, சுலபத்தில் கிழியவில்லை. நாலு குத்து வேண்டியிருந்தது, நாலும் திருப்தியாக இருந்தது.

அதுதான் எனக்குக் கடைசி வருடம். பிறகு உடற்கல்வி படிக்கப் போனேன். அங்கே பயிற்சியில் முட்டி விட்டுப்போனது, ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், மெல்ல ஓடலாம், ஆட மட்டும் கூடாது என்றார்கள். ஊரில் முட்டி ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அப்புறம் நான் படித்த கல்லூரியிலேயே விளையாட்டு வாத்தியார் வேலை கிடைத்தது. இத்தனை வருடமும் அந்தப் பெரிய கல்லூரி தோற்ற செய்தி பேப்பரில் வந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

இந்த வருடம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சென்னையில் வேறொரு கல்லூரியின் பயிற்சியாளர் எழுதியிருந்தார். அவருடைய பையன்கள் மணல் கால்பந்துப் போட்டிக்குப் போகிறார்களாம், அதற்கு முன் மணலில் ஒரு ஆட்டம் ஆட எங்கள் திடல் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கீழே கையெழுத்தைப் பார்த்தேன். அவனேதான். அன்றைக்குச் செய்தி அனுப்பிய தலைவன். இங்கே இப்போது வாத்தியார் நான்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

திட்டம் உடனே தயாராகிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் தன் பாடு முறைக்கு வராமல் போனவன் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க நின்று, ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். யாருக்கு நஷ்டமோ அவர்தான் கேள்வி கேட்பார். இவனையும் அப்படி நிற்க வைக்க வேண்டும். நின்று கூனிக் குறுகிய பிறகு, தவிர்க்க முடியாத காரணங்களால் உங்களோடு ஆட இயலாது என்று ஒரு கடிதத்தை நீட்ட வேண்டும். கடிதத்தை முதல் நாளே எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேரில் வாருங்கள் என்று அவனுக்குப் பதில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "சார், நீங்களா?" என்றான். ஊருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றேன். வெளிறிப்போனான். ஆனால் வந்தான், அதை மறைக்க மாட்டேன்.

கோயில் முன்னால் ஊரார் உட்கார்ந்திருந்தார்கள். தன் முறையை விட்டுக்கொடுத்தவர் என்பதால் கேள்வி கேட்கும் உரிமை நைனாவுக்கு.

"அன்னிக்கி ஏன்பா வர்ல?"

அவன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "பயந்துட்டோம் ஐயா. அவங்க எங்க கிரவுண்டுக்கு வந்தப்பவே இவர் ரெண்டு கோல் போட்டாரு, எங்களால தடுக்க முடியல. அவரு சொந்த மணல்ல ஆடினா எங்கள அசிங்கப்படுத்திடுவாருனு தெரியும். அதான் வரல."

ஊரே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அதுவரை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் பைக்குள் கை விட்டுக் கடிதத்தைத் தொட்டேன். அப்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. எங்கள் வழக்கத்தின் முதல் பாதியை மட்டும்தான் நினைவில் வைத்திருந்தேன். மறைக்காமல் உண்மையைச் சொன்னவனுக்கு அவன் முறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது இரண்டாம் பாதி.

"மெய்ய சொல்லிட்டான்," என்றார் நைனா. "அந்த ஆட்டத்த வந்து ஆடிட்டுப் போவட்டும்."

ஊர் முன்னால் சொன்னால் சொன்னதுதான். கொதித்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் வந்தார்கள். என் மாணவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன்: "ஒருத்தன் மேலயும் பாவம் பாக்காதீங்க." அவர்கள் பார்க்கவில்லை. ஆறுக்கு ஒன்று. ஒவ்வொரு கோலுக்கும் நான் பந்தைப் பார்க்காமல் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். எட்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நைனா வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். முதல் பாதி முழுக்கக் கவிழ்த்த மீன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதியில் எழுந்து கோட்டருகே வந்து நின்றுகொண்டார். கடைசி விசில் ஊதியதும் பையன்கள் கத்திக்கொண்டு ஏரியில் குதிக்க ஓடினார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"நீ எப்போடா எறங்குவே?"

"ஆட்டம் முடிஞ்சிப் போச்சி நைனா."

"நீ ஆடவே இல்லியே?"

"இது படிக்கிற பசங்க ஆட்டம். நா சொல்லிக் குடுக்கறதோட சரி." அவர் நகராமல் நின்றதால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. "முட்டி ஆறல நைனா. அப்பவே டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே என்னால ஆட முடியாது."

திடலின் அந்தப் பக்கம் அவன் தன் பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துக் கை கூப்பினான். நைனா பதிலுக்குக் கை எடுக்கவில்லை.

"நீ ஆடுவேன்னு நெனச்சிதான்டா அவன் மொறையத் திருப்பிக் குடுத்தேன்," என்றார். "தெரிஞ்சிருந்தா அவனுக்குக் குடுத்தே இருக்க மாட்டேன்."