முறத்தை இடப்பக்கம் நகர்த்திய டாக்டரம்மா

விழுப்புரம் டாக்டர் நசீமா அம்மா காலமான செய்தி, மண்டியில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. இறக்கி முடித்துவிட்டுத்தான் திண்டிவனத்திலிருந்து கிளம்பினேன். லாரியைக் காக்க வைத்துவிட்டுப் போயிருந்தால் அவரே திட்டியிருப்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயதானவர்களை மட்டுமே பார்த்தவர். சிரித்துப் பேசமாட்டார். கூட வந்தவர்கள் குறுக்கே பேசினால் வெளியே அனுப்பிவிடுவார். அப்படியும் கூட்டம் குறையவில்லை என்றால் சரக்கு நல்லது என்று அர்த்தம்.

என் அப்பாவுக்கு நினைவு தடுமாறியிருந்த காலம். ஒரு வாரமாக, சட்டையைக் கழற்றப் போனால் அடித்தார். வசவைத் தவிர வேறு பேச்சில்லை. சாப்பாடும் குறைந்துபோனது. ஒரு ஆஸ்பத்திரியில் அவரைத் தொடவே முடியாமல், மயக்க ஊசி போட்டுக் கட்டிலோடு கட்டி வைக்கச் சொன்னார்கள். அதற்கு முன்னால் டாக்டரம்மா ஒருமுறை பார்க்கட்டும் என்று அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

என் தம்பி, "நான் கையப் புடிச்சிக்கினு இருக்கேன், நீங்க ஜல்தியா பாத்துடுங்க" என்றான்.

"உன்ன ஒருத்தன் புடிச்சிக்கினா நீ சும்மா இருப்பியா? தள்ளி உக்காருப்பா."

அப்பாவை அவர் தொடவில்லை. என்ன தொழில் செய்தவர் என்று கேட்டார். விவசாயம் என்றோம். ஒரு முறத்தில் மல்லாட்டை வாங்கி, தரையில் உட்கார்ந்திருந்த அப்பா முன்னால் வைத்து, தானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் உரித்தார், வலது கையாலும் பல்லாலும். சற்றுப் பொறுத்து டாக்டரம்மா முறத்தை அப்பாவின் இடப்பக்கம் நகர்த்தினார். அப்பா இடது கையை நீட்டவில்லை. உடம்பையே திருப்பி வலது கையால் எடுத்தார்.

பிறகு அப்பாவின் வலது கையைப் பிடித்து அவருடைய இடது தோள்மேலேயே வைத்தார். அதன்மேல் தன் கையை வைத்து, சட்டைக்கு மேலாகவே மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். கண் முழுக்க அப்பாவின் முகத்தில். முகம் சுருங்கிய இடத்தில் கை நின்றது.

"தோள்பட்டைகிட்ட எலும்பு ஒடஞ்சிருக்கு. எங்கியோ விழுந்திருக்காரு. வலிக்குதுன்னு சொல்லத் தெரியல, அதான் அடிக்கிறாரு. இவரப் போயி கட்டிப் போடுவீங்களா?"

கையைத் துணியால் கழுத்தோடு தாங்கிக் கட்டிவிட்டார். மறுநாள் எக்ஸ்ரேயும் அதையேதான் காட்டியது.

நோயாளி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்று அவருடைய கம்பவுண்டர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். கிளம்பிச் செருப்பை மாட்டிய நேரத்தில் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது:

"மோர் குடிச்சிட்டுப் போம்மா."

டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வலிக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாதவர்கள் சார்பில் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன், அம்மா.