பிரதி அமைச்சர் எங்களோடு வீதியை மறித்தார்

தேர்தலுக்கு முன் எங்கள் எத்தாளைக் கடற்கரை ஊரில் எல்லோரும் எங்கள் வேட்பாளரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிட்டோம். சின்னக் கட்சிதான், ஆனால் எங்கள் கட்சி. ஊர்க் கிளைக்கு என் கணவர் தலைவர். கட்சி ஆளுங்கூட்டணியில் சேர்ந்தது. நானாவுக்கு வீதிகள் பிரதி அமைச்சர் பதவி கிடைத்தது. அன்றிலிருந்து அவர் ‘சேர்’ ஆனார். உள்ளே இருந்தால்தான் ஊருக்கு வேலை நடக்கும் என்று என் கணவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தால் எங்கள் வீதிக்குள் மரக்கறி லொறி வராது. மிளகாயும் பீட்ரூட்டும் தோட்டத்திலேயே அழுகும். ஒருநாள் காலை ஊரார் பழைய டயர்களைப் போட்டு வீதியை மறித்தார்கள். போகாவிட்டால் ஊரில் முகம் கொடுக்க முடியாது என்று என் கணவரும் போய் உட்கார்ந்தார். நான் பெண்களோடு சேர்ந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறும் நேரம் பிரதி அமைச்சரின் வாகனம் வந்து நின்றது. சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டு எங்கள் நடுவில் தரையில் அமர்ந்தார். ஒலிபெருக்கியை வாங்கி, இந்த அரசாங்கம் நம்மை ஏமாற்றிவிட்டது என்று முழங்கினார். வீதிக்குப் பொறுப்பானவர்கள் வந்து பதில் சொல்லும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது என்றார். பழக்கதோஷத்தில் சிலர் கைதட்டியும்விட்டார்கள்.

ஊரே அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண் அவரிடம் தேத்தண்ணியை நீட்டியபடி மெதுவாகக் கேட்டார்.

“சேர், வீதிக்குப் பொறுப்பு நீங்கதானே?”

“நான் பிரதிதான் ராத்தா. உள்ளுக்க இருந்து போராடிக்கொண்டு இருக்கன்.”

“இப்ப வெளியிலதானே இருக்கிறீங்க?”

அவர் தேத்தண்ணியில் இஞ்சி நன்றாக இருக்கிறது என்றார்.

சற்று நேரத்தில் உதவியாளர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பின்னேரம் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்கெடுப்பாம். உடனே கொழும்புக்குப் போக வேண்டும். ஆனால் வாகனத்துக்குப் பின்னாலும் இதற்குள் டயர் போட்டாயிற்று. வழி விடச் சொன்னார். பொறுப்பானவர் வரும்வரை எழும்பக் கூடாது என்று அவரே சொன்னதை ஒரு மீன் வியாபாரி மிகவும் மரியாதையாக நினைவூட்டினார். பிரதி அமைச்சர் அங்கே காவலுக்கு நின்ற பொலிஸ் சார்ஜன்டைக் கூப்பிட்டுப் பார்த்தார். பிரதி அமைச்சரே தலைமை தாங்கும் போராட்டத்தைத் தன்னால் கலைக்க முடியாது என்று சார்ஜன்ட் சல்யூட் அடித்தார். கடைசியில் அந்த மீன் வியாபாரியே அவரைத் தன் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டிக்கு முன்னால் நெருக்கி உட்காரவைத்து, கடற்கரை மணல் வழியாகப் பிரதான வீதிவரை ஏற்றிப்போனார்.

அன்று மாலை தொலைக்காட்சியில் பார்த்தோம். காலையில் போட்டிருந்த அதே சட்டையோடு எழுந்து நின்று, அரசாங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். செய்தி முடியுமுன் என் கணவரின் தொலைபேசி அடித்தது.

“மறியல் எப்படிப் போகுது? விட்டுடாதீங்க. அரசாங்கத்துக்கு உறைக்கோணும்.”

என் கணவர் “ஓம் சேர்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு அவர் ஏணியை எடுத்துப்போய் வாசலில் இருந்த கட்சிப் பலகையைக் கழற்றினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

வீதி இன்றும் அப்படியேதான். பிரதி அமைச்சரின் வாகனத்தை மறுநாள் விட்டுவிட்டோம். அதற்குள் அதன் சாரதி எங்களுக்கு நல்ல பழக்கமாகிவிட்டார். முன்னேஸ்வரம் பக்கத்து மனிதர். நாங்கள் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவும்போது, தன் ஊர் வீதி இதைவிட மோசம் என்றார்.